மலை இல்லாத ஊரில் ஒருநாள் நடை: யாழ்ப்பாணத்து பஸ், றெயில், 'பாதை' எவ்வளவு கைகொடுக்கும்?

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மலை கிடையாது. கீரிமலை என்ற பெயரை நம்பிச் சப்பாத்தும் தடியுமாக வருகிறவர் கேணியையும் கடலையும் கண்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆனாலும் இந்தக் குடாநாடு ஒருநாள் நடைக்குத் தோதில்லை என்று யாராவது சொன்னால், அவர் மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவை என்ற புல்வெளி, மணற்கும்பி, பனங்கூடல், களப்பின் நடுவே நேராக ஓடும் தாம்போதி, வள்ளங்கள் ஏறிக் கிடக்கும் கரை என்று நடக்க இடம் தாராளம். நிலம் தட்டையானது, முழங்காலுக்கு வேலையில்லை. சோதனை எல்லாம் வெயில், காற்று, தண்ணீர், அதற்கு மேலாகப் பின்னேர பஸ்.

இங்கே எடைபோடுவது அந்தப் போக்குவரத்தைத்தான். சொந்த வாகனமும் ஓட்டோவும் இல்லாமல், காலையில் நகரத்திலிருந்து புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்ப நினைக்கிற ஒருவருக்கு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ், மினிபஸ், றெயில், படகு ஆகியவை எந்த அளவுக்கு உதவும், எங்கே காலை வாரும் என்பதுதான் கேள்வி.

முதலில் வலையமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து பஸ் தடங்கள் சைக்கிள் சில்லு மாதிரி. மத்திய பஸ் நிலையம் நடுக்குடம். அங்கிருந்து காரைநகர், ஊர்காவற்றுறை, குறிகட்டுவான், கீரிமலை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்று கம்பிகள் விரிகின்றன. கொடிகாமம் - பருத்தித்துறை போல ஒன்றிரண்டு குறுக்குத் தடங்கள் இருந்தாலும், ஒரு கம்பியின் நுனியிலிருந்து அடுத்த நுனிக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் நகரத்துக்குத் திரும்பி வந்து மறுபடி ஏற வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு இது தொல்லை. நடக்கிறவருக்கு இதுவே வாய்ப்பு: ஒரு கம்பியால் போய் இறங்கி, இடைவெளியைக் காலால் கடந்து, அடுத்த கம்பியில் வீடு திரும்பலாம். போன வழியே திரும்பி நடக்கும் அலுப்பு இல்லை. கார் வைத்திருப்பவருக்கு இது கிடைக்காது. அவர் காரை எடுக்கத் தொடங்கிய இடத்துக்கே வரவேண்டும்.

நல்ல தடங்கள் மூன்று இப்படி அமைகின்றன. அவற்றுக்கு முன் பஸ் நிலையம்.

பஸ் நிலையம்

பெரியாஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பக்கத்தில் ஆஸ்பத்திரி வீதியில் இருக்கிறது. சிவப்பு இ.போ.ச. பஸ்கள் (வயதானவர்கள் இன்னும் 'சீ.ரீ.பீ.' என்பார்கள்) உள்ளே தரித்து நிற்கும், மினிபஸ்கள் வெளியே அயலில். தெரிந்திருக்க வேண்டிய இலக்கங்கள்: குறிகட்டுவானுக்கு 776, ஊர்காவற்றுறைக்கு 777, பருத்தித்துறைக்கு நெல்லியடி வழியாக 750, வல்வெட்டித்துறை வழியாக 751, காங்கேசன்துறைக்கு 769. காரைநகருக்கு 782, 785, 786 என்று ஒன்றுக்கு மேல் உண்டு; போகும் வழி வேறுபடும். இலக்கத்தை மட்டும் பார்த்து ஏறிவிடாமல், இறங்க வேண்டிய சந்தியின் பெயரைச் சொல்லிக் கொண்டக்டரிடம் "அந்தப் பக்கத்தாலயோ போகுது?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். முன்கண்ணாடிப் பலகையில் கடைசி ஊர் மட்டும்தான் எழுதியிருக்கும்.

சிவப்பு பஸ்ஸா, மினிபஸ்ஸா? போகும்போது சிவப்பு பஸ். யன்னல் அகலம், கூரை உயரம், பையை வைக்க இடம் உண்டு, புறப்படும் நேரத்தில் ஓரளவு ஒழுங்கும் உண்டு. மினிபஸ் அடிக்கடி வரும், ஆனால் ஆள் சேர்க்கச் சந்திக்குச் சந்தி நிற்கும். பின்னால் அதே தடத்து வண்டி தெரிந்ததும்தான் வேகம் பிடிக்கும். ஐந்தரை அடிக்கு மேல் உயரமானவர் நின்றுகொண்டு போனால் கழுத்தைச் சாய்த்தபடியே வரவேண்டும். திரும்பும்போது இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். முதலில் வருவதில் ஏறுங்கள்.

பாடசாலை நேரங்களைத் தவிர்ப்பது நல்லது. காலை ஆறரை தொடங்கி ஏழரை வரையும், பாடசாலை விடும் ஒன்றரை மணியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலமும், முதுகுப் பையோடு உள்ளே நுழைவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆறு மணிக்கு முன்பின்னாகப் புறப்படும் வண்டியில் போய்விட்டால் வெயிலும் மிச்சம், இருக்கையும் கிடைக்கும். ஞாயிறும் போயா நாளும் வண்டிகள் குறையும். மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் மெலியும். 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். விடியப்புற பஸ்ஸில் ஐயாயிரத்தை நீட்டினால் கொண்டக்டரின் முகத்தில் விடிவது தெரியாது.

ஓட்ட நேரம்: காங்கேசன்துறைக்கும் ஊர்காவற்றுறைக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், பருத்தித்துறைக்கும் குறிகட்டுவானுக்கும் ஒன்றரை. 750 உம் 769 உம் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கிடைக்கும். தீவுப்பகுதித் தடங்களில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டி வரலாம். திட்டம் போடும்போது இந்த வித்தியாசம்தான் முக்கியம்: பஸ் அரிதான பக்கத்தில் நடையைத் தொடங்கி, பஸ் மலிந்த பக்கத்தில் முடிக்க வேண்டும். காலையில் ஆறுதலாகக் காத்திருக்கலாம்; பின்னேரம் தண்ணீர் முடிந்த போத்தலோடு காத்திருப்பது வேறு அனுபவம்.

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். பொன்னாலையைத் தாண்டித் தாம்போதியில் பஸ் ஏறும்போதே காசு சரி. இரண்டு பக்கமும் ஆழமில்லாத களப்பு; மாரியில் பறவைகள் இறங்கியிருக்கும்.

வலந்தலைச் சந்தியில் இறங்குங்கள். இறங்கியதும் முதல் வேலை, கடையில் ஒரு பிளேன்ரீ சொல்லிவிட்டு "பாதை ஓடுதோ?" என்று கேட்பது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள கடலைக் கடக்கும் மிதவைக்கு ஊரில் பெயரே 'பாதை'தான். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சேவை, கட்டணம் கிடையாது, சைக்கிள், மோட்டார்சைக்கிளோடு ஆட்களையும் ஏற்றும். பகலில் மட்டும்தான் ஓடும். இயந்திரம் பழுதென்றால் நிற்கும், காற்றுக் கடுமை என்றாலும் நிற்கும். அது தெரியாமல் பத்துக் கிலோமீற்றர் நடந்து கரைக்குப் போய் நிற்பதுதான் இந்தத் தடத்தில் நேரும் பெரிய பிழை. ஓடவில்லை என்றால் கசூரினா கடற்கரைவரை நடந்து, குளித்துவிட்டு வந்த கம்பியாலேயே திரும்பலாம். நாள் வீண்போகாது.

ஓடுமென்றால், வலந்தலையிலிருந்து வடக்கே கசூரினா கடற்கரை. கடல் வெகுதூரம் இடுப்பளவுதான். அங்கிருந்து கரையோரமாக மேற்கே கோவளம் வெளிச்சவீட்டை நோக்கி நடக்க வேண்டும். 1916 இல் கட்டியது. தூரத்திலிருந்தே தெரிவதால் வழி கேட்கத் தேவையில்லை. அலை நனைத்து இறுகிய ஈரமணலில் நடந்தால் சுகம்; இரண்டு அடி மேலே ஏறினாலே சப்பாத்து புதையும். வெளிச்சவீட்டிலிருந்து ஊருக்குள் திரும்பி, ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர்பெற்ற சிவன் கோவிலைப் பார்த்துக்கொண்டு, ஒழுங்கைகளாலும் வீதியாலும் தெற்கே பாதைத் துறைக்குப் போகலாம். மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர். கோவிலில் நிற்கும் நேரமும் தண்ணீர் குடிக்கும் நேரமும் சேர்த்தால் நாலரை மணித்தியாலம் பிடிக்கும். துறையை அண்டிக் கடற்படை முகாம் இருக்கிறது. அந்தப் பக்கம் கைபேசியை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம்.

கடப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கடல் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை. பன்றித்தொடை வடிவ இலங்கைத் தீவின் குதிக்கால் என்று நினைத்தோ என்னவோ, ஒல்லாந்தர் அதற்கு 'ஹமன்ஹீல்' (பன்றித்தொடையின் குதிக்கால்) என்று பெயர் வைத்தார்கள். மறுகரையில் ஊர்காவற்றுறை. பழைய தேவாலயங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 777 இல் ஏறலாம். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தால், நின்ற இடத்தில் நிற்காமல் கரம்பொன் பக்கமாக நடந்துகொண்டே இருங்கள். அதே வீதியால் வரும் பஸ்ஸை மறிக்கலாம்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்னது வாடைக் காலத்துக்கு (வடகிழக்குக் காற்று), அதாவது கார்த்திகை முதல் மாசி வரைக்கும் உரிய ஒழுங்கு. காற்று முதுகில் இருக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது இதையே மறித்துச் செய்யுங்கள்: 777 இல் ஊர்காவற்றுறை, காலையிலேயே பாதை, பிறகு வடக்கே நடந்து கசூரினாவில் முடிவு. சோளகத்துக்கு எதிர்முகமாகத் திறந்த வெளியில் ஏழு கிலோமீற்றர் நடந்தால் கண்ணுக்குள் மணல், உதட்டில் உப்பு, தொப்பி தரவையில். மறித்துச் செய்வதில் உள்ள குறை, ஞாயிறு பின்னேரம் கசூரினாவில் குளித்து முடித்த கூட்டம் முழுவதும் அதே பஸ்ஸுக்கு வந்து நிற்பது.

பருத்தித்துறையிலிருந்து மேற்கே

750 இல் போய் 751 இல் திரும்பும் தடம். பஸ் தாராளம், கடை தாராளம், வழி தவறவே முடியாது: வலக்கைப் பக்கம் கடல் இருந்தால் சரியாகப் போகிறீர்கள். முதன்முதலாக முயல்கிறவருக்கும் பிள்ளைகளோடு போகிறவருக்கும் இதுதான் உகந்தது. நிழல் குறைவு, தார் வீதி அதிகம் என்பதால் கொஞ்சம் மாற்றுக் குறைவு; காரைநகர்த் தடத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுத்தால் இதற்கு மூன்றரை.

காலையில் போய்ச் சேர்ந்ததும் ஓடக்கரையில் அப்பமோ தோசையோ கிடைத்தால் சாப்பிடுங்கள். பருத்தித்துறை வடை ஒரு பைக்கற் வாங்கிப் பையில் போடுங்கள். தட்டையாக, மொறுமொறுப்பாக, உப்பும் உறைப்புமாக இருக்கும், நாள்கணக்கில் பழுதாகாது, வியர்த்து உப்பு இறங்கும் உடம்புக்கு ஏற்றது. கடையில் விற்கும் எந்த 'எனர்ஜி' பிஸ்கற்றும் இதற்குக் கிட்ட வராது. தும்பளைப் பக்கம் கொஞ்சம் நடந்து தெருமூடி மடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வீதியின் மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணையோடு கட்டிய கல் மடம். வெயிலில் நடந்து வருகிறவரை மனதில் வைத்து ஒரு காலத்தில் ஆட்கள் கட்டினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இப்போதைய பஸ் தரிப்பிடங்களைக் கட்டுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

பிறகு கரையோர வீதியால் மேற்கே. இன்பர்சிட்டி, நாட்டின் வடமுனையான சக்கோட்டை, பொலிகண்டி, வல்வெட்டித்துறை. எட்டு, ஒன்பது கிலோமீற்றர். வெளிச்சவீட்டுப் பக்கமும் போய்வந்தால் பத்துக்கு மேல். காலையில் மேற்கு நோக்கி நடப்பதால் வெயில் முதுகில் விழும். எதிர்த்திசையில் செய்தால் கண்ணுக்கு நேரே சூரியன். ஆகவே மறிக்க வேண்டாம். கரையில் வலை காயும் இடங்களிலும் வள்ளம் இழுக்கும் இடங்களிலும் கயிறுகளைக் கடக்காமல் சுற்றிப் போங்கள். இழுபடும் கயிறு காலைத் தட்டினால் சும்மா விடாது.

வல்வெட்டித்துறையில் நிறுத்தலாம். இந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்துக்கொண்டு கரையில் கொஞ்சம் இருக்கலாம். கால் கேட்டால் இன்னும் நாலு கிலோமீற்றரளவில் தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று சும்மா சொல்வதில்லை. மடங்களில் மத்தியானச் சாப்பாடு கிடைக்கும். 751 அந்த வழியாலேயே அச்சுவேலிக்குப் போவதால் அங்கே முடித்தாலும் பஸ் பிரச்சினை இல்லை. ஒரேயொரு நாள் தவிருங்கள்: தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டத்திருவிழா. பட்டம் பார்க்கப் போவதென்றால் போங்கள். நடக்கவும் திரும்ப பஸ் பிடிக்கவும் அது நாளல்ல.

றெயிலில் போய் மாதகலில் முடிப்பது

காங்கேசன்துறை வரையான றெயில் பாதை 2015 ஜனவரியில் மறுபடி திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. தோட்டங்களுக்கு நடுவே, செம்மண்ணும் புகையிலையும் வாழையும் பார்த்துக்கொண்டு போகும் பயணம் பஸ்ஸைவிட எவ்வளவோ மேல். நடைக்குப் பயன்படும் சேவை என்ற அளவில் மட்டும் மதிப்பெண் குறைகிறது: வண்டிகள் சில, எல்லா வண்டியும் சின்ன ஸ்ரேசன்களில் நிற்குமென்று இல்லை, கொழும்பிலிருந்து வரும் வண்டி பிந்தினால் உங்கள் காலையும் பிந்தும். போவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். திரும்புவதற்கு நம்ப வேண்டாம்.

மாவிட்டபுரத்தில் இறங்கி, கந்தசுவாமி கோவிலைக் கடந்து கீரிமலை. கேணியில் இறங்குவதானால் மாற்றுத் துணி வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு கேணி. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதற்குக் காரணம் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல். குடாநாட்டில் பெய்யும் மழை அதன் வெடிப்புகளால் இறங்கி ஓடிக் கரையில் வெளிப்படுகிறது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோரின் கூட்டம் அலைமோதும், அன்று வேண்டாம். கேணிக்குப் பிறகு மேற்கே சேந்தாங்குளம், சம்பில்துறை, மாதகல். சுமார் பத்துக் கிலோமீற்றர். மாதகலிலிருந்து பண்டத்தரிப்பு வழியாக நகரத்துக்கு பஸ் உண்டு, அடிக்கடி இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்குள் அங்கே நிற்கும்படி கணக்குப் போடுங்கள்.

வலிகாமம் வடக்கில் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த நிலம் படிப்படியாகத்தான் விடுபட்டு வருகிறது. வேலி போட்ட இடத்தில் குறுக்குவழி தேட வேண்டாம். திறந்த வீதியும் ஆள் நடமாடும் கரையுமே போதும்.

மணற்காடும் வல்லிபுரமும்

நடக்கக் கடினமானதும் பார்க்க அழகானதும் இது. பருத்தித்துறை போய், அங்கிருந்து மருதங்கேணிப் பக்கம் போகும் பஸ்ஸில் குடத்தனையில் இறங்கிக் கரைப் பக்கம் நடந்தால் மணற்காடு. சவுக்கங்காடு, மணற்கும்பிகள், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவில். அங்கிருந்து வடமேற்கே வல்லிபுர ஆழ்வார் கோவில்வரை நடை. 1936 இல் அனுராதபுரத்து வசப மன்னன் காலத்துப் பொன்னேடு கண்டெடுத்த ஊர். பலர் வல்லிபுரத்தில் தொடங்கி மணற்காட்டில் முடிக்கிறார்கள், அது பிழை. குடத்தனை வீதியில் பஸ் அரிது. வல்லிபுரத்தில் முடித்தால், வாகனம் ஒன்றும் இல்லாவிட்டாலும் பருத்தித்துறைக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு ஆட்கள் வருவதால் அன்று போக்குவரத்து மற்ற நாட்களைவிட நல்லது. குடாநாட்டில் ஞாயிறு உதவும் தடம் இது ஒன்றுதான்.

தார் வீதியில் மணித்தியாலத்துக்கு நாலு கிலோமீற்றர் நடப்பவர் இளகின மணலில் இரண்டரையைத் தாண்டமாட்டார். பத்து மணிக்குப் பிறகு மணல் சுடும். செருப்போடு வந்தவர் துள்ளித் துள்ளித்தான் போக வேண்டும். கணுக்கால் மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, நெருஞ்சி முள்ளுக்குத் தடித்த காலுறை.

தீவுகள்

776 இன் பெறுமதி குறிகட்டுவானில் மட்டும் இல்லை. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலத் தாம்போதி நாலு கிலோமீற்றரளவு. இரண்டு பக்கமும் கடல். வேலணைக் கரையில் இறங்கி, விடியலில் அதை நடந்து கடந்து, அடுத்த 776 இல் ஏறுவது தனி ஒரு காலைக்குப் போதுமான நடை. ஓரம் ஒடுங்கியது. வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடங்கள்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு இருபது நிமிடமளவில் போகும். படகுகள் அடிக்கடி உண்டு. நாகபூசணி அம்மன் கோவிலடியில் ஒன்றும் நாகவிகாரையடியில் ஒன்றுமாக இரண்டு துறைகள். இடையே பத்து நிமிட நடை. தீவு சின்னது, நாலு சதுரக் கிலோமீற்றரளவு. ஒழுங்கைகளால் நடந்தாலும் மூன்று மணித்தியாலத்தில் திருப்தி. ஆனித் திருவிழாக் காலத்தில் வரிசை நீளும்; பாடசாலை விடுமுறையில் தெற்கிலிருந்து யாத்திரிகர் கூட்டம். திரும்பும் படகு குறிகட்டுவானை அடைந்ததும் எல்லோரும் ஒரே பஸ்ஸுக்கு ஓடுவார்கள். படகில் வாசலுக்குக் கிட்ட இருந்து வாருங்கள். அந்த ஒரு காரியத்தால் ஒன்றரை மணித்தியாலம் நிற்பதா இருப்பதா என்பது தீர்மானமாகும். உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போடுங்கள்.

நெடுந்தீவை ஒருநாள் நடைக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. குறை தீவில் இல்லை. 50 சதுரக் கிலோமீற்றர். பவளக்கல் வேலிகள், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், தென்புறத் தரவையில் காட்டுக்குதிரைகள். கணக்குத்தான் இடிக்கிறது: பஸ் ஒன்றரை மணித்தியாலம், காத்திருப்பு, கடல் ஒரு மணித்தியாலம், திரும்பும் படகு பின்னேரத்துக்கு முன்பே கிளம்பிவிடும். கையில் மிஞ்சுவது நாலு மணித்தியாலம். அதற்குள் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் என்று வடக்குப் பக்கத்தில் நிற்கலாம். குதிரைகளுக்கு ஆசைப்பட்டு நடந்தால் படகு போய்விடும். ஒரு இரவு தங்குவதானால் மட்டும் முழுத்தீவையும் நடக்கலாம். சோளகத்தில் கடல் கொந்தளிக்கும். வயிறு பலமில்லாதவர் மாசி, பங்குனியில் போகட்டும்.

கணக்கும் கையிருப்பும்

திட்டத்தைக் காலையிலிருந்து போடாமல் பின்னேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இறங்கியதும் முதல் ஆளிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். இரண்டாவது ஆளிடமும் கேளுங்கள். இரண்டில் முந்தினதை எடுங்கள். அதற்கும் முந்தின பஸ்தான் உங்கள் பஸ். கடைசி வண்டி என்பது வராமல் போகக்கூடிய வண்டி. அதிலிருந்து நடை நேரத்தைக் கழித்து, மணித்தியாலத்துக்குப் பதினைந்து நிமிடம் வெயிலுக்கென்று கழித்தால் புறப்பட வேண்டிய நேரம் வரும். பெரும்பாலும் அது முதல் பஸ்ஸாகத்தான் இருக்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரை திறந்த கரையில் இருக்கக் கூடாது.

தண்ணீர் ஒருவருக்கு மூன்று லீற்றர். தீவுகளிலும் கரையோரத்திலும் கிணறுகள் பலதும் உவர். முகம் கழுவலாம், குடிக்க முடியாது. ஊர்க்கடைகள் மத்தியானம் பூட்டியிருக்கும். தொப்பியைவிடக் குடை நல்லது. சோளகத்தில் மட்டும் தொப்பி, நாடி கட்டும் நாடாவோடு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. தரவையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், அதனால் வீதித் தடங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தையும் மாசியும் உச்சமான மாதங்கள்.

கட்டாக்காலி நாய்கள் ஒழுங்கைகளில்தான் தொல்லை. ஓடாமல் நின்று, குனிந்து கல்லெடுப்பது போலக் காட்டினால் பெரும்பாலும் விலகும். கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்பது கூடாது. மணற்பாங்கான பற்றைகளில் சுருட்டை விரியன் உண்டு. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். கண்ணிவெடியைக் குறிக்கும் மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு நாடாவோ கண்ட இடத்தில் திரும்பி, வந்த அடியிலேயே வெளியேறுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, இலவசம்.

பஸ் தவறினால் நின்ற இடத்தில் நிற்காமல் பெரிய சந்தியை நோக்கி நடங்கள். தீவுப்பகுதியில் அது வேலணை வங்களாவடி; ஊர்காவற்றுறையிலிருந்தும் குறிகட்டுவானிலிருந்தும் வருபவை அந்தப் பக்கத்தில் ஒன்றுசேரும். வடமராட்சியில் நெல்லியடி. காரைநகரில் வலந்தலை. அங்கே கடையில் விசாரித்தால், கடைசி பஸ் போனதா இல்லையா என்பதை நேர அட்டவணையைவிடச் சரியாகக் கடைக்காரர் சொல்வார். போயிருந்தால், எந்த வீட்டில் ஓட்டோ நிற்கிறது என்பதையும் அவரே சொல்வார்.